பெருநோய் என்று சொன்னார்கள்

வடிவம்மாவுக்கு முதலில் மூக்குத்தான் அடைத்தது. எல்ல என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் மூக்கடைப்பை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் நிற்பார்கள். அவளும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த வருஷம் அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடந்த இலையையும் குச்சியையும் அள்ளிக் குழியில் கொட்டி, மாட்டுச்சாணம் போட்டு மூடுகிற வேலை. மழையில் ஊறிய சருகுக்குள் கையை விட்டால் உள்ளே சூடாக இருக்கும். அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். வேர்வை வழிந்தால் அந்தக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். வந்தது என்னவோ அவளுக்குத்தான்.

மூக்கின் இடது பக்கம் ஒரு தடிப்பாகத் தொடங்கியது. சீழ் இல்லை, புண் இல்லை, வலியும் இல்லை. தொட்டால் கட்டை மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் மூக்குத்தி சதைக்குள் அமுங்கிப்போய், அவளுடைய புருஷன் அழகையா குறடு வைத்து அதை வெட்டி எடுத்தான். பிறகு வீக்கம் மூக்குத்தண்டில் ஏறியது, கன்னத்துக்கு வந்தது, மேலுதட்டைத் தூக்கியது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுடைய முகத்தில் பழைய முகம் என்று சொல்ல இரண்டு கண்கள்தான் மிச்சம்.

லயத்து வரிசை வீடுகளில் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு அவள் பீலியில் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை தள்ளி நின்றார்கள். பிறகு அவளைப் பீலிக்கே வரவேண்டாம் என்றார்கள். அவளுடைய மகள் பேச்சி அப்போதுதான் ஓடியாடி விளையாடத் தொடங்கியிருந்தாள். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் அவளைக் கண்டதும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

கங்காணி தம்பையா ஒருநாள் அழகையாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போடா. எனக்கென்னமோ இது பெரிய வியாதி மாதிரி தெரியுது. எங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கு. ஒருத்தரா ரெண்டு பேரா, இத்தன சனம் இருக்குற இடம்."

தோட்டத்து டிஸ்பென்சர் மயில்வாகனம் யாழ்ப்பாணத்து மனுஷர். கெட்டவர் இல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அவர் கொடுத்த மருந்தில் பிழைத்தவர்கள் அந்தத் தோட்டத்தில் நிறையப் பேர். சனங்கள் அவரை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதைத் திருத்தவில்லை. வடிவம்மாவை வாசற்படியிலேயே நிறுத்திப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம் இப்பிடி இருக்குது?"

"போன மழைக்கு முந்தியிருந்தே இருக்குங்க ஐயா. ஆனா வலியே இல்லீங்க."

அந்த ஒரு சொல்தான் அவளுக்கு எமனாக வந்தது. பெருநோய், அதாவது குஷ்டம், வந்த இடத்தில் வலி தெரியாது என்று மயில்வாகனம் படித்திருந்தார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

"கிள்ளினா தெரியுதுங்க ஐயா," என்றாள் வடிவம்மா. அவர் முகம் மாறியதைக் கண்டு பயந்து, தானே தன் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். "பாருங்க, சுருக்குன்னு இருக்குது."

அவர் அதற்குள் கை கழுவ உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அரசாங்கத்து டாக்டர் ஒருவர் குதிரையில் வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. மயில்வாகனம் சொன்னதைக் கேட்டார், தூரத்தில் நின்ற வடிவம்மாவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திரை கட்டிய ஒரு மாட்டுவண்டி அவளைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோனது. வண்டி புறப்படும்போது பேச்சி அழுதாள். அழகையா அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றான், கிட்டே வரவில்லை.

"குணமாகி வந்துருவேன்," என்று வடிவம்மா திரைக்குள்ளிருந்து கத்தினாள்.

அந்த வண்டியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

கொழும்புக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. சுற்றிலும் மதில். விரல் போனவர்கள், மூக்கு அமுங்கியவர்கள், கண் மூடாதவர்கள் என்று நானூறு ஐந்நூறு பேர் உள்ளே இருந்தார்கள். அவளைக் கண்டு அங்கே யாரும் ஒதுங்கவில்லை. அதை நினைத்துத்தான் அவள் முதல் வாரம் முழுக்க அழுதாள்.

தமிழ் பேசுகிறவர்களில் இப்றாஹீம் என்று ஒருவர் இருந்தார். பதுளைக் கடைவீதியில் புடவை வியாபாரம் செய்தவர். கைவிரல்கள் பாதி போயிருந்தன. ஒருநாள் அவர் அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் வந்ததிலிருந்து எத்தனையோ முகம் பார்த்திருக்கேன் புள்ள. உன்னோடது வேற மாதிரி. அடுப்புக் கங்கு கையில பட்டா உனக்குச் சுடுதா?"

"சுடாம இருக்குமா?"

இப்றாஹீம் தன் கையைக் காட்டினார். சுட்டதே தெரியாமல் வெந்துபோன அடையாளங்கள் அதில் நிறைய இருந்தன.

பறங்கி டாக்டர் ஒருவர் வாரத்துக்கொருமுறை ஒவ்வொருவராகப் பார்த்தார். இளவயது மனுஷர், வந்து அதிக நாளாகவில்லை. வடிவம்மாவின் கண்ணை மூடச் சொல்லி ஒரு இறகால் கன்னத்தைத் தடவினார். தடவிய இடத்தையெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். ஊசியால் குத்தினார். அவள் கத்தினாள். டாக்டர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். இப்றாஹீமைக் கூப்பிட்டு, அவர் வாயால் அவளுக்குச் சொல்லச் சொன்னார்.

"உனக்கு ஒரு மருந்து குடுக்கப் போறாராம். சுகமாக்குற மருந்தில்ல. உள்ளுக்குள்ள பெருநோய் இருந்தா அது கிளறி வெளியில கொண்டுவந்துருமாம். உடம்பெல்லாம் தடிச்சுக் காய்ச்சல் அடிச்சா, அதுதான்னு தெரிஞ்சிரும்."

"இல்லாட்டி?"

"அதை அவர் சொல்லல்ல."

பொட்டாசிய அயோடைட் என்பது அதன் பெயர். அவளுக்கு அது உப்புத் தண்ணீர். குடித்தால் வாயில் செம்புக் காசைப் போட்டுக்கொண்டமாதிரி ஒரு ருசி நாள் முழுக்க நிற்கும். மூக்கும் கண்ணும் ஒழுகும். தோளில் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பின. இதுதான் பெருநோய் வெளியே வருகிறது என்று அவள் முடிவு செய்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள்.

காய்ச்சல் வரவில்லை. முகம் இளகத் தொடங்கியது. முதலில் அவளால் நம்ப முடியவில்லை. மேலுதடு கீழே இறங்கிப் பல்லைத் தொட்ட நாளில் ஓடிப்போய் இப்றாஹீமிடம் காட்டினாள். டாக்டர் மருந்தைக் கூட்டினார்; மாதக்கணக்கில் கொடுத்தார். நடுவில் மூக்குக்குள்ளிருந்து துளி சதையை வெட்டிப் பூதக்கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்துப் பார்த்தவர், அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அவளுக்கு நூல் நூலாக ஏதோ தெரிந்தது.

"பூஞ்சணம் மாதிரி ஒண்டு," என்று இப்றாஹீம் டாக்டர் சொன்னதைச் சொன்னார். "பழைய ரொட்டியில புடிக்கிறது மாதிரி. இதுக்குப் பேர் என்னான்னு அவருக்கே தெரியாதாம். ஆனா உனக்குப் பெருநோய் இல்ல புள்ள. வந்ததும் இல்ல."

வடிவம்மா அப்போது சிரிக்கவில்லை. "அப்ப என்னை எதுக்கு இங்க கொண்டாந்தாங்க?" என்று கேட்டாள்.

புறப்படும் நாளில் இப்றாஹீம் அவளிடம் ஒன்று சொல்லிவிட்டார். "ஊருல சேர்க்கலைன்னா பதுளைக்குப் போ. லத்தீப்னு என் மச்சான், புடவைக்கடை வெச்சிருக்கார். அவர் பொஞ்சாதி ஸுபைரா என் தங்கச்சிதான். நல்ல மனசு, வேலை குடுப்பா. ஆனா என் பேரை மட்டும் சொல்லிறாதே. நான் மக்கத்துல மவுத்தாகிட்டேன்னு, ஹஜ்ஜுக்குப் போய்ச் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க."

ஊரில் சேர்க்கமாட்டார்கள் என்று வடிவம்மா நினைக்கவே இல்லை. முகம்தான் சரியாகிவிட்டதே! மூக்கின் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கம், அவ்வளவுதான்.

பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்தாள். லயத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது வேலை முடிந்து சனங்கள் திரும்பியிருந்தார்கள். அவளைக் கண்ட முதல் பெண் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அழகையா தன் காம்பரா அறைக்கு வெளியே வந்தான். அவன் காலுக்குப் பின்னால் பேச்சி நின்றாள். நன்றாக வளர்ந்திருந்தாள்.

"யாருப்பா இது?"

அழகையா வடிவம்மாவைப் பார்த்தான். சரியாகிப்போன முகத்தை அவன் பார்த்தான் என்பதில் சந்தேகமில்லை. அவன் கண் அந்த மூக்கிலேயே நின்றது. பிறகு சொன்னான்:

"யாரோ. நீ உள்ள போ."

அவளைப் பின்பக்கமாகத் தேயிலைக்குள் கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீ செத்துட்டேன்னு சொல்லிட்டேன் வடிவு. கருமாதியும் செஞ்சுட்டேன். அதுக்கப்புறந்தான் புள்ளைய மத்த புள்ளைங்களோட சேர்த்தாங்க. அதுக்கப்புறந்தான் எங்களைப் பீலியில விட்டாங்க. நீ இருந்தவரைக்கும் அது பெருநோய்க்காரி மக. இப்ப தாயில்லாத புள்ள. எது நல்லதுன்னு நீயே சொல்லு."

"எனக்குப் பெருநோய் இல்லய்யா. டாக்டரே சொன்னாரு."

"எந்த டாக்டரு? அந்த ஆஸ்பத்திரி டாக்டருதானே? அந்த ஆஸ்பத்திரி பேரை வாயில எடுத்தா இங்க யாரு கேப்பா?"

அவள் அங்கிருந்து நேராக டிஸ்பென்சரிக்குப் போனாள். அவளை அனுப்பியது மயில்வாகனத்தின் வாய். திருப்பி எடுக்கவும் அந்த வாயால்தான் முடியும். அவர் ஒரு சொல் சொன்னால் தோட்டத்துத் துரையும் கேட்பார், கங்காணியும் கேட்பார்.

மயில்வாகனம் அவளைக் கண்டு திகைத்துப்போனார். இந்தத் தடவை வாசலில் நிறுத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு, வெளிச்சத்தில் உட்கார வைத்து, மூக்கைக் கையால் தொட்டே பார்த்தார். என்ன மருந்து, என்ன ருசி, எப்படிக் கலந்தார்கள், எவ்வளவு நாளில் இளகியது என்று ஒன்று விடாமல் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மருந்தின் பெயரை இப்றாஹீம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நாக்கு புரளப் புரள அதையும் சொன்னாள். அவர் இவ்வளவு கேட்டதில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நாளைக்குப் பெரட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. இது பெருநோய் இல்லைன்னு. அது போதும்."

மயில்வாகனம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பிள்ளை, நான் சொன்னா, அப்ப எதுக்கு அனுப்பினனீர் எண்டு துரை கேப்பார். பெரிய டாக்டரும் என்னிலதான் பழியைப் போடுவார். எனக்கு உத்தியோகம் போகும். எனக்கும் குஞ்சு குருமான் இருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்குச் சுகம் வந்திட்டுது. அது பெரிய விசயம். எங்கயாவது தூரத்தில போய்ப் பிழைச்சுக்கொள்."

அவள் எழுந்தாள். அவர் உடனே கை கழுவப் போகவில்லை என்பதை மட்டும் கவனித்தாள்.

பதுளையில் ஸுபைரா கேள்வி ஒன்றும் கேட்காமல் வேலை கொடுத்தாள். லத்தீபின் புடவைக்கடைக்குப் பின்னால்தான் வீடு. நெல் குத்துவது, கொத்தமல்லி மிளகாய் அரைப்பது, முற்றம் பெருக்குவது. புருஷன் இல்லையா என்று ஒருமுறை ஸுபைரா கேட்டாள். இல்லை என்றாள் வடிவம்மா. வெள்ளிக்கிழமைகளில் ஸுபைரா தன் நானா இப்றாஹீமுக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதுவாள். மக்கத்தில் மவுத்தாவது எல்லாருக்கும் கிடைக்காத பாக்கியம் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். வடிவம்மா அம்மியைப் பார்த்துக் குனிந்துகொண்டே அரைப்பாள்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலையில் கடைக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கங்காணி தம்பையா கல்யாணக் கூறை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆம்பிளைகள் கடையில் உட்கார, பெண்களை ஸுபைரா உள்ளே அழைத்துப் புடவைகளை விரித்துக் காட்டினாள். வடிவம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

சற்றுநேரத்தில் கல்யாணப் பெண் முகம் கழுவ அங்கே வந்தாள். தம்பையாவின் மகள் அன்னலட்சுமி. வாளியை எட்டி எடுத்தவள் வடிவம்மாவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். வடிவம்மாவும் அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் மூக்கோரத்தில், மஞ்சள் பூசியும் மறையாமல், சின்னதாக ஒரு சுருக்கம் இருந்தது.

அன்னலட்சுமிதான் முதலில் பேசினாள். "அக்கா, அந்த மருந்து குடிச்சா வாயெல்லாம் செம்பு மாதிரி இருக்குமில்ல?"

வடிவம்மா கிட்டே வந்து அவள் மூக்கைப் பார்த்தாள்.

"உனக்குமா?"

"போன வருஷம். வீட்டுக்குப் பின்னால பூச்செடிக்கு எரு போட்டுட்டு இருந்தேன். அப்புறந்தான் மூக்கு அடைச்சுச்சு. உங்களுக்கு வந்த மாதிரியேதான் தடிச்சுச்சு. அம்மா என்னை வெளியவே விடல. அப்பா ராத்திரியெல்லாம் அழுதாரு. டாக்டரய்யா வந்து பார்த்துட்டு, பயப்படாதீங்க, இது சாதாரண மூக்குக்கட்டி, என்கிட்ட மருந்து இருக்குன்னாரு. கொழும்புலருந்து வரவழைச்சுக் குடுத்தாரு. எல்லாம் வத்திப்போச்சு. அப்பா அவருக்குக் கோயில்ல வெச்சு மாலை போட்டு மரியாதை செஞ்சாரு."

வடிவம்மா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மருந்து எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். டாக்டரய்யா அப்பாகிட்ட சொன்னதை நான் கேட்டேன். நீங்க வந்து சொன்னதுதான்னாரு."

"அப்ப உங்க அப்பாவுக்கும் தெரியும்."

"தெரியும்."

"எனக்கு வந்தது பெருநோய் இல்லைன்னு உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அப்படித்தானே?"

அன்னலட்சுமி தலையைக் குனிந்தாள். உள்ளே அவளுடைய தாய், அரக்குச் சிவப்பா மயில் பச்சையா என்று ஸுபைராவோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். வடிவம்மா எழுந்தாள். இப்போதே உள்ளே போய், கடைக்குள்ளும் போய், தம்பையாவின் முன்னால் நின்று, வீதியில் போகிறவர்களும் கேட்கும்படி கத்தவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இரண்டு மூக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லவேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தும்விட்டாள்.

அன்னலட்சுமி ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வேண்டாங்க்கா. ஹல்துமுல்லையில மாப்பிள்ளை வீடு. ரெண்டும் ஒரே வியாதின்னு நீங்க சொன்னா, உங்களுக்கு அது இல்லைன்னு யாரும் சொல்லமாட்டாங்க. என்னையும் பெருநோய்க்காரின்னுதான் சொல்லுவாங்க. உங்களை வண்டியில ஏத்தின மாதிரி என்னையும் ஏத்திடுவாங்க."

அது உண்மை. வடிவம்மா அதை வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவள். தன் முகம் சரியாகி வந்து நின்றபோது குடத்தைப் போட்டுவிட்டு ஓடியவளை அவள் மறக்கவில்லை. தன் வாயைத் திறந்தால் தன் பெயர் வெளுக்காது, இந்தப் பெண்ணின் பெயர்தான் கறுக்கும். அந்தப் பெண்ணை அவள் அந்த நிமிஷம் வெறுத்தாள். கையை மட்டும் உதறவில்லை.

"நான் யாருக்கும் சொல்லல," என்றாள் கடைசியில். "நீ எனக்கு ஒண்ணு செய். எம் மக பேச்சிகிட்ட மட்டும் சொல்லு. வேற யாரும் வேண்டாம். ஒங்க அம்மா சாகல, அவளுக்கு அந்த வியாதியும் இல்ல, பதுளையில இருக்கான்னு அது காதுல மட்டும் போடு."

"சொல்றேங்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்றேன்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அன்னலட்சுமி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அரக்குச் சிவப்பைத்தான் எடுத்தார்கள். தம்பையா போகும்போது முற்றத்தில் நின்ற வடிவம்மாவைப் பார்த்தார். ஒரு கணம் நின்றார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினார்.

தை மாதம் கல்யாணம் நடந்ததாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது. பேச்சியிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. சின்னப் பிள்ளை, அதால் எப்படி ஆள் அனுப்ப முடியும் என்று வடிவம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் பொறுக்காமல் ஸுபைராவிடம் சொல்லிவிட்டு, பண்டாரவளைச் சந்தைக்குப் போகிற வண்டியில் ஏறினாள். தோட்டத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வரும்.

கருவாட்டுக்காரனிடம் அழகையாவைக் கண்டாள். பக்கத்தில் பேச்சி, பாவாடை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பை. வடிவம்மா மெல்லப் போய், கொண்டுவந்த வெறுங்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றாள். முக்காட்டை விலக்கிவிட்டுத்தான் நின்றாள்.

பேச்சி நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். பயப்படவில்லை. அடையாளம் கண்டுகொள்ளவும் இல்லை.

"அக்கா, கூடையைக் கொஞ்சம் நகத்திக்கிறீங்களா? அப்பாவுக்கு எடம் வேணும்."

வடிவம்மா கூடையை நகர்த்தினாள். அழகையா திரும்பிப் பார்த்து, அவசரமாகக் கருவாட்டைப் பொறுக்கிப் பையில் போட்டான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனான். பேச்சி ஏதோ கேட்டுக்கொண்டே போனாள், என்னவென்று கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் ஸுபைரா கேட்டாள்: "என்ன புள்ள, இவ்வளவு தூரம் போய் ஒண்டும் வாங்கல்லயா?"

"எல்லாம் ஆனை வெலை விக்கிது," என்றாள் வடிவம்மா. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, ஊறவைத்திருந்த மிளகாயை அம்மியில் எடுத்து வைத்தாள்.